கல்லும் உடைசலும்

பயின்னாங் சந்தையில் பயறுக் கமிஷன் கடைக்குக் கணக்கெழுதுகிறேன்.
ஒரு கைப்பிடி உளுந்தை உள்ளங்கையில் பரப்பி
கல் எத்தனை, உடைசல் எத்தனை,
பல்லில் கடித்தால் ஈரம் எத்தனை என்று பாராமல்
மூட்டைக்கு விலை சொன்னதில்லை நாங்கள்.
கைக்கடிகாரத்துக்கு மட்டும் விதி மாறுமா?

பழைய பில் ஒன்றின் முதுகில் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் ஐந்து லட்சம் கியாட்.
வலப்பக்கம் ஒன்றே கால்.
கடைக்காரப் பையன் கோ ஸேயா 'தெய்ன்' என்கிறான்,
நான் லட்சம் என்கிறேன்.
இரண்டு பாஷையிலும் அது என் பையில் இல்லை.

இடது பளபளக்கும், ஒன்றரை நாள் தாங்கும்.
வலது பிளாஸ்டிக் வார், பன்னிரண்டு நாள்.
கூட வந்த ஹமீதா பில்லை எட்டிப் பார்த்தாள்:
"எங்க தெருவுல கரண்டு நாலு மணி நேரம்.
அதுக்குள்ள சோறு, மோட்டார், இஸ்திரி, ரெண்டு போனு.
வாட்ச் வந்தா வரிசையில நிக்கணும்."

இடது மாடிப்படியைத் தனியாக எண்ணுமாம்.
லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடிக்காரிக்கு
அதை எண்ணிச் சொல்ல ஆள் வேண்டுமா?
தெருவில் தொங்கும் என் கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி,
கவ்வியில் காய்கறிப் பை, சில நாள் கரண்டு பில்.
என்னைவிட அதிகம் ஏறி இறங்குவது அந்தக் கயிறுதான்.
வாட்சை அதற்குக் கட்டலாம்.

தூக்கத்தையும் அளக்கும். காலையில் நூற்றுக்கு இத்தனை என்று
மார்க் போடும்.
ராத்திரி ஒரு மணிக்கு மின்சாரம் வந்தால்
கட்டடமே எழுந்து தண்ணீர் ஏற்றுகிறது,
வாளி நிரம்பும் சத்தம் ஒவ்வொரு தளமாய் மேலே வருகிறது.
எல்லாரும் ஃபெயில்.
அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்.

"நீங்க இருக்குற இடத்தைக் காட்டும் அமா," என்றான்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
அடுத்த வரிக்குப் போனோம்.

போனோடு சேர்க்காமல் வலதில் ஊரைத் தேடினேன்.
டாக்கா இருக்கிறது. பாங்காக் இருக்கிறது.
நடுவில் யாங்கோன் இல்லை.
எங்கள் ஆறரையை
ஆறு என்று வைத்துக்கொள், இல்லை ஏழு என்று வைத்துக்கொள்
என்கிறது.
"போனோட சேர்த்தா சரியாயிடும்."
"போன் செத்துட்டா?"
அவன் கூரையைப் பார்த்தான். மின்விசிறி நின்றிருந்தது.

கடைசிப் பரீட்சை என்னுடையது.
இரண்டையும் இரண்டு மணிக்கட்டில் கட்டி, போனில் இணைத்து,
கிள்ளானில் வேலை பார்க்கும் சவரியப்பனிடம்
"தமிழ்ல ஏதாச்சும் அனுப்புங்க, இப்பவே" என்றேன்.
எனக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிற மனுஷன்.
அங்கே சாப்பாட்டு நேரம்.
இரண்டு கையும் ஒன்றாக அதிர்ந்தன.

ஐந்து லட்சத்தில் கட்டம், கட்டம், கட்டம்.
எழுத்து இருந்த இடத்தில் எல்லாம் ஜன்னல்,
எட்டிப் பார்க்க முடியாத ஜன்னல்.

ஒன்றே காலில் எழுத்து வந்தது.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
புள்ளி எல்லாம் சிந்திக் கிடக்க.
கண்ணைச் சுருக்கிக் கூட்டிப் படித்தேன்:
சோறு தின்னியா.

கல்லைப் பொறுக்கி எறிவோம்.
உடைசலை எறிவதில்லை. மாவுக்கு ஆகும்.
ஆனால் விலை குறையும். அது சந்தைச் சட்டம்.

"ஊர் இல்ல, எழுத்து உடைஞ்சிருக்கு," என்றேன் கோ ஸேயாவிடம்.
"தொண்ணூறாயிரம் போடு.
அரை மணியை நானே கூட்டிக்கிறேன், கணக்குப்பிள்ளைதானே."
அவன் சிரித்தான். ஒரு லட்சத்துப் பத்துக்கு மேல் இறங்கமாட்டானாம்.

பதில் எழுத வலதில் வழியில்லை, இடதில் தமிழே இல்லை.
போனை எடுத்து, தின்னுட்டேன் என்று அடித்தேன்.
மணி பதினொன்றரை. இன்னும் தின்னவில்லை.
ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.