திரும்பி வந்த உருண்டை

தோம்ஸ்க் நகரில் இன்று மைனஸ் முப்பத்தெட்டு.
உலைக்கூடத்தில் நான் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறேன்.
ஆயிரத்து நானூற்றைம்பது பாகையில்
உள்ளே சிர்கோனியா வெந்துகொண்டிருக்கிறது.
கதவின் சிறு கண்ணாடித் துளையில்
ஆரஞ்சும் இல்லை, வெள்ளையும் இல்லை,
யாரும் பெயர் வைக்காத ஒரு நிறம்.

தூள் வரும் பீப்பாய் ஒன்றுதான்.
பாதி, உருக்காலைக் குழாய்களுக்கு உள்சட்டையாகப் போகும்.
மீதி, மனிதர்களின் இடுப்புக்கு.
போனது எதுவும் எங்களுக்குக் கடிதம் போடுவதில்லை.

பதினொரு ஆண்டு கழித்து
ஒன்று மட்டும் திரும்பி வந்தது,
பிளாஸ்டிக் டப்பாவில், பஞ்சு சுற்றி,
கெமரோவோ மருத்துவமனை முத்திரையோடு.
அடியில் லேசர் பொறித்த எண் எழுபத்து மூன்று.
பக்கத்தில் தொகுதிக் குறி.
அந்த வாரம் உலை வைத்தவள் நான்.

படிவத்தில் பெயரை மையால் அடித்திருந்தார்கள்.
மை போதவில்லை:
அக்ஸீன்யா துர்காசோவா, வயது அறுபத்து நான்கு,
தபால் விநியோகம்.
குறை என்ற கட்டத்தில் அவளே எழுதியிருக்கிறாள்:
"நடந்தால் கீச்சென்கிறது.
பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது."

ரவீல் சிரித்தான்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

நுண்ணோக்கியில் வைத்தேன்.
முக்கால் பங்கு இன்னும் கண்ணாடிதான்; என் புருவம் தெரிந்தது.
ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் நகத்தளவு மங்கல்,
ஊதிய மூச்சு அழியாமல் தங்கியதுபோல.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
இவள் ஊர்ந்தவை லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள்.
பை எந்தத் தோளில் தொங்கியது என்பதைக்கூட
அந்த மங்கல் சொல்லிவிட்டது.

இந்தப் பீங்கானின் குணம் ஒன்று உண்டு.
விரிசல் உள்ளே நுழைந்தால்
அதன் முனையில் நிற்கும் மணிகள் வடிவம் மாறி வீங்கும்.
நெரிசல் பேருந்தில் இடம் விடாத ஆள்போலத்
தோளை அகட்டி
விரிசலின் வாயை மூடும்.
இந்த ஒரு வீக்கத்துக்காகத்தான்
எத்தனையோ இரவு கண்விழித்தோம்.

அதே வீக்கம் அழைக்காமல் வந்தால் வினை.
ஈரம், இளஞ்சூடு, நாட்கள்: இவ்வளவு போதும்.
ஒரு மணி வீங்கும். பக்கத்து மணியை எழுப்பும்.
ஆயிரத்து நானூற்றைம்பதைத் தாங்கியது
முப்பத்தேழில் தளர்கிறது,
காய்ச்சல்கூட இல்லாத
வெறும் உடம்பின் சூட்டில்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது பேச்சு.
ஒட்டத்தான் இல்லை.
ஆனால் பச்சை மண் பதினொரு ஆண்டாகச் சுட்ட மண்ணிடம்
எதையோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதை முன்கூட்டியே அறியத்தான் நீராவிச் சோதனை.
நூற்று முப்பத்து நான்கு பாகை, அடைத்த பாத்திரம்.
அங்கே ஒரு மணி நேரம்
இங்கே மூன்று நான்கு ஆண்டு என்பது எங்கள் கணக்கு.
ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும்.

பழைய பதிவேட்டை எடுத்தேன்.
என் கையெழுத்து அப்போது இன்னும் வட்டமாக இருந்தது.
"மூன்று மணி நேரம். மின்சாரம் போனது.
மாதிரி நன்றாக உள்ளது. ஏற்கலாம்."

பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கவே தேவையில்லை.

மகனுக்கு அன்று சளி; சீக்கிரம் போக வேண்டியிருந்தது.
அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

ரவீலிடம் ஏட்டைத் திருப்பி வைத்தேன்.
வாசித்தான். தேநீரைக் கீழே வைத்தான்.
"தொகுதியில் மொத்தம் எத்தனை?" என்றான்.
நூற்று இருபது.
வந்தது ஒன்று. மீதி நூற்றுப் பத்தொன்பது
ஏதேதோ ஊர்களில் படியேறிக்கொண்டிருக்கின்றன.
மாலை ஐந்து வரை மருத்துவமனைகளின் எண்களைத் தேடினோம்.
நாற்பத்தோரு எண் கிடைத்தது.
ஆறு பேர் எடுத்தார்கள்.

வெளியே வந்தேன்.
இந்தக் குளிரில் பனி, மாவுபோல உலர்ந்து கிடக்கும்.
மிதித்தால் கத்தும்.
டிராம் நிறுத்தம்வரை
முன்னால் ஒருவர், பின்னால் இருவர்,
ரொட்டிக் கடைப் பக்கமிருந்து இன்னும் யாரோ,
கீச், கீச், கீச்.

ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.