வெள்ளைக் கொடி, பதினொன்றாம் வரிசை

ஊர்ப் பெயர் சுவைக்.
தண்ணீரில்தான் வாய் வைக்க முடியாது.
கடல் நாலு கிலோமீட்டர் தள்ளி;
அலையாக அது வரவில்லை.
மோட்டார் இழுத்த இழுப்புக்கு
மண்ணடியில் ஊர்ந்து வந்து
கிணற்றில் குடியேறிவிட்டது, வாடகை இல்லாமல்.

மஸ்கட்டிலிருந்து ஷம்சா மேடம் வரும் நாளில்
ஒரு ஐஸ் பெட்டி இறங்கும்.
மூடியில் இன்னும் சூரை மீன் வாசம்.
உள்ளே கஞ்சித்தண்ணீர் மாதிரி எட்டு பாட்டில்.
ஒரு சொட்டில் ஒரு கோடி உயிர் என்றார்.
எனக்குக் கேம்பில் எட்டுப் பேரை எண்ணவே வராது,
ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

என் பெயருக்கு அர்த்தம் கேட்டார்.
வியாகுலம்.
இந்தியில் சொல்லத் தெரியாமல்
நெஞ்சில் கை வைத்து அழுத்திக் காட்டினேன்.
"அட, நான் படித்ததே அதைத்தான்,
செடிக்கு வருவதை" என்று சிரித்தார்.

அவருடைய இந்தியும் என் இந்தியும் சேர்ந்து
எனக்குப் புரிந்தது இவ்வளவு:
உப்பு ஏறினால் செடிக்குள் ஒரு வாயு கிளம்பும்,
மாம்பழத்தைப் பழுக்கவைக்கிற அதே வாயு.
போதும், வளராதே, இலையை உதிர்
என்று கிளை கிளையாகப் போய்ச் சொல்லும்.
கண்டல் வேரின் சேற்றில் சுரண்டி எடுத்த இந்த உயிர்கள்
அந்த வாயு வாயுவாகும் முன்பே
அதன் மூலப்பொருளைத் தின்றுவிடும்.
வழவழவென்று எதையோ சுரந்து
வேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் உப்பைக் கட்டிவைக்கும்.
சும்மா இல்லை.
வேர் சர்க்கரை கசியவிட வேண்டும்.
உப்பு எங்கேயும் போகாது,
அதையும் சொன்னார்.

நாற்பது வரிசை தக்காளி.
பச்சைக் கொடிக்கு உயிரோடு இருப்பது.
வெள்ளைக் கொடிக்கு அதையே வேகவைத்துக் கொன்றது.
இரண்டும் பார்வைக்கு ஒன்று.
"இதில் ஒரு சொட்டு அதில் விழுந்தாலும்
ஆறு மாச வேலை போச்சு, வியாகுலம்."

மூன்று மாசம் சம்பளம் நின்ற சமயம்
கேம்பில் ஒருவன் கத்தத் தொடங்கினால்
அடுத்தவனுக்கும் தொற்றும்.
சில்ஹெட்காரன் ரஃபீக் ஒன்றும் சொல்லமாட்டான்.
எழுந்து போய் வாசலில் கிடக்கும் செருப்புகளை
ஜோடி ஜோடியாக அடுக்குவான்.
டப், டப்.
கத்துகிறவன் பாதியில் நிறுத்திவிடுவான்.

ஏழாவது வாரம். ஏப்ரலிலேயே நாற்பத்தொன்று.
வெள்ளைக் கொடிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.
இலை விளிம்பு கருகி, உள்பக்கமாகச் சுருண்டு,
கேட்க வந்ததைக் கேட்காமல்
திரும்பிப் போகிற ஆள் மாதிரி.
பாட்டிலைக் கழுவினேன்.
கழுவிய தண்ணீரை எங்காவது ஊற்றத்தானே வேண்டும்.
பதினொன்றாம் வரிசை, மூன்றாவது செடி.
ஒரு வாய் கொப்பளிக்கிற அளவு.
மறுநாளும்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார்.
மஞ்சளாக நின்ற வரிசையில்
பச்சையாக ஒன்று.
செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"காற்றில் தெறித்திருக்கும்" என்றேன்.
அன்றைக்கு ஒரு மாசமாகக் காற்றே இல்லை.

நோட்டில் ஒரு கோடு போட்டார்.
கோபம் பேனாவில் தெரிந்தது.
பிறகு மண்டியிட்டு, கரண்டியால் சுற்றிலும் அகழ்ந்து,
பிரசவம் பார்க்கிற கையால் செடியை எடுத்தார்.
உதறியும் மண் விழவில்லை.
முடி முடியாக வேர், அதைப் பிடித்துக்கொண்டு மண்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கோபத்தை எங்கே வைத்தோம் என்பதை மறந்து.

வேர் ஐஸ் பெட்டிக்குப் போனது.
நாலு காய் இருந்தது, பச்சையாக.
"கணக்கில் இல்லாதது,
நீயே வைத்துக்கொள்."

ராத்திரி மீன் குழம்பில்
புளிக்குப் பதில் அந்த நாலையும் அரிந்து போட்டேன்.
எட்டுப் பேர், ஒரு சட்டி.
ரஃபீக் முதல் கவளத்தை மென்றுவிட்டு
என் பக்கம் கையை நீட்டினான்:

"உப்புப் பத்தலை."