எவ்வளவு

காலை ஷிஃப்ட் ஒன்பதரைக்கு முடியும்.
மாலை ஷிஃப்ட் இரண்டரைக்குத் தொடங்கும்.
நடுவில் கிடக்கும் ஐந்து மணி நேரத்துக்குச்
சம்பளம் கிடையாது, காற்றும் கிடையாது.

அதைத்தான் கிளெனிஸ் முதலில் கேட்டாள்:
"எந்த நேரத்தில் விடுவாய்?"
லார்க்ஸ் பேயில் அவள் கார் ஷெட்.
மணிக்கட்டில் இன்னும் பிரிக்காத தையல்.
எனக்குப் பிடித்தது சிவப்பு,
புயலுக்கும் தோள் கொடுக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.
அவள் சமையலறைத் தராசை எடுத்து வந்தாள்.
சிவப்பு முந்நூற்றுப் பத்து கிராம்.
மற்றது, பால் சேர்க்காத தேநீர் நிறம்,
நூற்றுத் தொண்ணூறு.
"பத்து மணிக் காற்று சிவப்பைத் தூக்காது.
அதை வாங்கினால் உனக்கு நடைப்பயிற்சிதான்."

வீட்டில் பூரணி கேட்டாள்: "எவ்வளவு?"
நூற்றுத் தொண்ணூறு என்றேன்.
கிராம் என்பதைச் சொல்லவில்லை.
"ஏற்கனவே ஒரு பட்டம் சுவரில தொங்குது,
அதுக்கு வாங்கின கடனே தீரல"
என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

செமஃபோர் கடற்கரை. செவ்வாய்.
பைன் மரங்களின் நுனி மட்டும்
ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோல் அசைகிறது.
கரைக்காற்று முதுகில், பட்டம் அலைக்கு மேல்.
இரண்டு நூல், இரண்டு கை, வால் கிடையாது.
முடிச்சை அரை விரற்கடை ஏற்றி
மூக்கை முன்னே குனிய வைத்திருக்கிறேன்.
அடிக்குழலில் இருந்த பத்து கிராம் எடையை
உருவிப் பையில் போட்டாயிற்று.
அது இருந்தால் நன்றாய் மல்லாக்கும்,
இல்லாவிட்டால் நன்றாய் மிதக்கும்,
இரண்டும் கேட்பவன் வேறு கடலுக்குப் போகலாம்.

காற்று நின்றால் பின்னால் நடக்க வேண்டும்.
பன்னிரண்டு டன் பேருந்து ஓட்டுகிறவன்
கண்ணாடி இல்லாமல், பீப் சத்தம் இல்லாமல்
ரிவர்ஸில் போனேன்,
மணல்மேட்டு வேலி இடுப்பில் இடிக்கும்வரை.
பிறகு அது சரிந்து மிதக்க
முன்னால் நடந்து
இழந்த மணலைத் திரும்ப வாங்கினேன்.

மூன்று வாரமாய் ஒரே வித்தை, அரைச் சுழல்.
பட்டம் தயங்கி நிற்கும் நொடியில்
வலக்கையைச் சுண்ட வேண்டும்,
சுண்டியதும் நூலைக் கொடுத்துவிட வேண்டும்.
சுண்டுவது வருகிறது.
கொடுப்பதுதான் வரவில்லை.
பதினோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை,
விட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறது.
ஈரமணலில் எத்தனையோ முறை மூக்குக் குத்தியாயிற்று.
ஒரு கார்பன் குச்சி முறிந்ததில் பதினெட்டு டாலர்;
மதியச் சாப்பாட்டில் கழித்தேன்.

இன்று தும்மல் வந்தது.
அவ்வளவுதான்.
சுண்டிய கையோடு தும்மினேன்,
இரண்டு நூலும் தொய்ந்தன,
பட்டம் தட்டையாய்ப் படுத்து
கல்லில் வழுக்கும் தோசைபோல் ஒரு சுற்றுச் சுற்றி
ஒன்றும் நடக்காத மாதிரி
மூக்கை நிமிர்த்தி நின்றது.

பார்த்தது ஒரு நாய்.
அதற்கும் மீன்தலையில்தான் கவனம்.
தும்மாமல் செய்து பார்த்தேன்.
ஏழில் இரண்டு.

ஒன்றே முக்காலுக்குத் தென்மேற்கு வந்துவிட்டது,
சொல்லாமல் வரும் சம்பந்திவீட்டார்போல்
மணலை வாரிக்கொண்டு.
குச்சிகள் வில்லாய் வளைந்தன.
இது சிவப்புக்கான காற்று.
இறக்கிச் சுருட்டிக் கிளம்பினேன்.

வலது திருப்பத்தில் ஒரு கை இழுத்தது, ஒரு கை கொடுத்தது.
சட்டைக் கையிலிருந்து டிக்கெட் இயந்திரத்தில் மணல்.
கடைசி நிறுத்தத்தில் போனைப் பார்த்தால் பூரணி:
"கிளெனிஸ் கூப்பிட்டாங்க.
சிவப்பு இன்னும் விக்கலையாம், பாதி விலைக்குத் தராங்களாம்.
உங்களுது முந்நூத்தி நாப்பதாமே.
ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு.
மத்தியானம் காத்து எவ்வளவு?"

பதினெட்டு என்று தட்டினேன்.
அனுப்பும் முன் யோசித்து
கிலோமீட்டர் என்று சேர்த்தேன்.