ஈரத்துண்டு

கொருக்குப்பேட்டை ஆயில் டெப்போ, ரெண்டாம் நம்பர் கேட்.
லைட்டரைப் பிடுங்கி வைப்பது என் வேலை.
பீடிக்கட்டு, தீப்பெட்டி, செல்போன்,
ஒருமுறை கோயிலுக்கு வாங்கிய கற்பூரம்கூட.
ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன்.
உள்ளே போகிற டேங்கர் பிரேக் போட்டுப்
பெருமூச்சு விட்டாலே
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்படிப்பட்டவள்
சம்பளத்தில் எழுநூறு ரூபாய் எடுத்துத்
தீத்தாள் வாங்கினாள் என்றால்
யார் நம்புவார்கள்?

மேஜிக்காரர்கள் பற்றவைக்கும் தாள்.
புஸ்ஸென்று எரிந்து
சாம்பல்கூட வைக்காமல் போய்விடும்.
டப்பாவுக்குள் ஈரமாகத்தான் வந்தது.
ஈரமாகவே இருக்கட்டும் என்று
ஒரே ஒரு தாளை மட்டும் நிழலில் காயவைத்து
மிச்சத்தைத் தண்ணீர் தெளித்து மூடினேன்,
பிள்ளையைத் தூங்கப்போடுவது போல.

அதற்கு முன் நாற்பது நாள் தீயே கிடையாது.
டிஷ்யூ தாளை உள்ளங்கையில் கசக்கி
எரிய வேண்டிய இடத்தில்
வாயாலேயே "புஸ்" என்பேன்.
விரலிடுக்கில் ரோஜா வரும்.
வராத நாளும் உண்டு.
அடுத்த வீட்டில் எனக்கு ஆஸ்துமா என்று பேச்சு.

துணைக்கு மஸ்தான்தான் கிடைத்தான்.
டேங்கர் கிளீனர்.
தினம் அவன் லைட்டர் என் டிராயரில்.
"ஞாயித்துக்கிழமை மொட்டமாடிக்கு வர்றியா,
ஈரத்துணி புடிச்சிக்கினு நிக்கணும்."
"இன்னாக்கா, அத வயித்துலதான கட்டுவாங்க?"

வந்தான்.
நைலான் துப்பட்டாவைக் கீழேயே விட்டிருந்தேன்.
கூந்தலை இறுக்கிக் கொண்டை.
பருத்திச் சட்டை, கை மடித்து.
பக்கெட்டில் மணல்.
கொடியில் காய்ந்த யார் வீட்டுப் புடவையோ,
அதையும் அவிழ்த்துத் தள்ளி வைத்தேன்.
எல்லாம் சரி என்று தாளை எடுத்தபோது
"இரு" என்றான்.
என் கையைப் பிடித்து முகர்ந்தான்.
"சானிடைசர்."

கேட்டில் நாள் முழுக்கத் தேய்ப்பது.
பழகிப்போனது மூக்குக்குத் தெரியவில்லை.
சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவி
காயும்வரை நின்றேன்.
ராயபுரம் பக்கமிருந்து கப்பல் ஊதியது.
அப்புறம்
முழங்கை நீட்டி, முகத்தை விட்டுத் தள்ளி,
ஒரு மஞ்சள் பூ.
இமைப்பதற்குள் இல்லை.
ரெண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

தையில் எங்கள் போர்டு வீட்டுச் சங்க ஆண்டுவிழா.
மூன்று பெஞ்சைச் சேர்த்த மேடை.
செயலாளர் வேதவல்லி மைக்கில்
என்னை நெருப்பு ராணி ஆக்கிவிட்டாள்.
தலைக்கு மேல் கலர் தாள் தோரணம்,
பின்னால் தெர்மகோல் அன்னம்,
மேடை விளிம்பில் தாடையை வைத்தபடி பொடிசுகள்.
பிரியாணி, மல்லிகை, ஊதுவத்தி
அத்தனையையும் தாண்டி வந்தது அந்த வாசனை.
படுதாவுக்குப் பின்னால் ஜெனரேட்டர்.
பக்கத்தில் மூடி தொலைந்து
துணி அடைத்த கேன்.

ஓரமாய் மஸ்தான்,
அரை மணி நேரமாகத் துண்டு சொட்டி
பேன்ட் முட்டிவரை நனைந்து.
நான் பார்த்தேன். அவனும் கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டேன்.
டிஷ்யூவிலிருந்து ரோஜா எடுத்தேன்,
வாயால் "புஸ்" சொல்லி.
"அவ்ளோதானா?" என்றது முன்வரிசை.
"அவ்ளோதான்."
மண் நனையாத தூறல் மாதிரி ஒரு கைதட்டல்.

திங்கட்கிழமை கேட்டில்
கேட்கும் முன்னாலேயே லைட்டரை நீட்டினான்.
"கொளுத்தியிருக்கலாம்க்கா.
அப்புறம் போய்ப் பாத்தேன், கேன் காலி."
"காலி டேங்கருக்குத்தான் பயப்படணும்னு
சொன்னது யாரு?"
தலையைச் சொறிந்தான்.

டோக்கன் கொடுத்தேன்.
லாரி உள்ளே போனதும்
ஒருமுறை என் கையை முகர்ந்து பார்த்தேன்.