இருபத்தேழு நிமிடக் கடல்

விர்ட்சுவிலிருந்து முஹு தீவுக்கு
இருபத்தேழு நிமிடம்.
பனிக்கட்டி அடைத்த நாள்களில் நாற்பது.
பட்டாணி சூப்பு ஊற்றிக் கொடுத்து,
காபிக் கறை துடைத்து,
கல்லாவைத் தீயுவிடம் ஒப்படைத்தால்
எனக்கு மிஞ்சுவது ஓர் அத்தியாயம்.

இந்தக் குளிர்காலத்தில் இது பதினோராவது நாவல்.
பதினொன்றிலும் ஒரே கதை என்கிறாள் தீயு.
ஒரே கதைதான்.
தங்கையின் கல்யாணமோ
பழைய காதலனின் ஏளனமோ
ஏதோ ஓர் அவசரம்.
"ஒரு மாதம் என் காதலியாக நடி."
மூன்று நிபந்தனைகள்.
மூன்றாவது எப்போதும்
காதலித்துவிடக் கூடாது என்பது.
காகிதக் கைக்குட்டையில் எழுதிக்
கையெழுத்து வேறு போடுவார்கள், பாவம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள்.
இங்கே ஊருக்கு ஒரு பொய் போதும்.
மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும்
அவர்கள் தமக்கே சொல்லிக்கொள்வது.

இன்று ஒரு பல் டாக்டர், தேனீ வளர்க்கும் ஒருவன்.
விடுதியில் ஒரே கட்டில்.
விடுதியின் பெயரைப் படித்தபோதே
எனக்குத் தெரியும் ஒரே கட்டில் என்று.
ஆனாலும் வரவேற்பில் இருப்பவர் சாவியை நீட்டி
"மன்னிக்கணும்..." என்று இழுக்கும்போது
சூப்புக் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.
"உடம்புக்கு ஏதாவது?" என்றார்
வரிசையில் நின்ற லாரி டிரைவர்.

எனக்குப் பிடித்தது முத்தம் இல்லை.
அதற்கும் முன்னால், யாருமே இல்லாத இடத்தில்,
கார் நிறுத்துமிடத்திலோ மாடிப்படியிலோ,
அவன் அவள் கையை விடாமல் நிற்பானே, அது.
பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள்.
நாடகம் முடிந்துவிட்டது.
கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அந்த ஒரு வரிக்காக
இருநூறு பக்கம் பொறுத்திருப்பேன்.

ராய்வோவும் நானும்கூட ஒருமுறை நடித்தோம்.
கோர்ட்டில் கையெழுத்திட்டு ஏழு வாரம்.
அவன் அம்மா ஆஸ்டாவுக்கு எழுபதாவது பிறந்தநாள்.
"விருந்து முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றான்.
மோதிரத்தைத் தேடி எடுத்துச்
சோப்பு தடவி ஏற்றிக்கொண்டேன்.
ஒரே கார். ஒரே பரிசுப் பொட்டலம்.
அவன் தட்டிலிருந்து
வெங்காயத்தை நான் பொறுக்கி எடுத்தபோது
மேஜை முழுக்கச் சிரித்தது.
நான் யோசித்து எடுக்கவில்லை.
விரல் தானாகப் போனது.

இரவு விருந்தினர் அறையில்
எங்களுக்கும் ஒரே கட்டில்தான்.
அவன் குறட்டை விட்டான்.
நானும் நன்றாகவே தூங்கினேன்.
பொய் மெல்ல மெய்யாவது அவர்கள் கதை.
எங்களுக்கு அது எதிர்த்திசையில் ஓடியது,
எந்த வருஷம் திரும்பியது என்றே தெரியாமல்.

விடிந்தும் விடியாத நேரம், வாசலில்,
காரின் கண்ணாடிப் பனியைச் சுரண்டினான் ராய்வோ.
என் பக்கத்தை முதலில்.
வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் நிஜத்துல நடக்குமா?" என்கிறாள் தீயு.
நடக்காது. அதற்குத்தானே
நாலு யூரோ தொண்ணூறு கொடுத்தேன்.
நிஜம் இனாமாகவே கிடைக்கிறது.
போன வாரம் தீர்ந்த நாவல் அவள் கைப்பையில்
எட்டிப் பார்ப்பதை
நானும் பார்க்காததுபோல் நடிக்கிறேன்.

ஒலிபெருக்கி கரகரக்கிறது.
வண்டிக்காரர்கள் கீழ்த்தளத்துக்கு இறங்குகிறார்கள்.
துறையோரம் உறையாத கொஞ்சம் தண்ணீரில்
அன்னங்கள் இடம் பிடித்திருக்கின்றன.
இன்னும் மூன்றே பக்கம்.
பல் டாக்டர் வாயைத் திறந்துவிட்டாள்,
சொல்லப் போகிறாள்.

பக்கத்தின் முனையை மடிக்கிறேன்.
திரும்பிப் போகும்போது சொல்லட்டும்.
அதுவரை
தேன் ஒட்டிய கைகளோடு அவன்
ஒன்றும் தெரியாதவன்போல் நிற்கட்டும்.
பட்டாணி சூப்பைச் சூடுபண்ணுகிறேன்.