அரைச் சாண் தள்ளி

கிளைபெடா துறைமுகத்துக்குப் பின்னால்,
நகரம் எறிந்ததெல்லாம் வந்து சேரும் கொட்டகையில்
மூன்றாம் பெல்ட் எனக்கு.
இடப்பக்கம் ஆல்டோனா, அட்டைப்பெட்டி எடுப்பவள்.
நான் பாட்டில். அதிலும்
பாலும் எண்ணெயும் வந்த நிறமில்லாத பாட்டில் மட்டும்.

முதல் வாரம் ஒன்றும் சிக்கவில்லை.
பார்த்த இடத்தில் கையை வைத்தேன்,
பார்த்த இடத்தில் அது இல்லை.
கையுறை நிறையக் காற்று.
ஒருமுறை மீன் தலை.

யாரும் சொல்லித் தரவில்லை, அந்த இரைச்சலில்
சொன்னாலும் கேட்காது.
கண் அனுப்பும் சேதி
கைக்கு வந்து சேர்வதற்குள் பழசாகிவிடுகிறது
என்பது கைக்கே ஒருநாள் புரிந்துபோனது.
பதினோராம் நாளாக இருக்கலாம்.
பாட்டில் இங்கே வரும்போதே
அது அரைச் சாண் தள்ளி
வெறும் ரப்பர்மேல் போய்த் திறந்து நின்றது.
பாட்டில் தானாக வந்து ஏறிக்கொண்டது.

கண்ணுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது.
விரல் மூடுமுன்பே கிளம்பிவிடும்,
ஷாம்பு டப்பா, உடைந்த குடை, ஒற்றைச் செருப்பு தாண்டி
அடுத்ததற்கு.
பத்து மாதமாக எடுக்கிறேன்,
எடுத்த ஒன்றையும் பார்த்ததில்லை.
விரலைக் கேட்டால் சொல்லும்:
இது நசுங்கியது,
இதில் இன்னும் ஒரு மிடறு பால் மிச்சம்.

வீட்டில்தான் கஷ்டம்.
மேசைமேல் உப்பு ஜாடி சும்மா இருக்கிறது,
நான் தட்டிவிடுகிறேன்.
மகள் கணக்கு வைத்திருக்கிறாள்: இந்த மாதம் ஐந்து.

நவம்பரில் ஒரு செவ்வாய், இரவு ஷிப்ட்.
விளக்கு எரிந்துகொண்டிருக்க
பெல்ட் மட்டும் நின்றது.
நீண்டிருந்த கைகள் பதினாறு.
பதினாறும் தவறின,
வந்திருக்க வேண்டியதன்மேல் மூடிக்கொண்டு.
ஆல்டோனா பிடித்தது என் கட்டைவிரலை.

பிறகு, நின்ற பெல்ட் பின்னோக்கி ஊர்ந்தது.
சத்தியமாக அது நகரவில்லை.
ஆனாலும் ஊர்ந்தது,
குப்பையெல்லாம் அதனதன் வீட்டுக்கே
திரும்பிப் போவதைப்போல.
குமட்டியது. கம்பியைப் பிடித்தேன்.
கம்பி இருந்த இடத்தில் இருந்தது.

தலைமாட்டில் வித்மந்தாஸ் எதையோ தூக்கினான்,
காஸ் சிலிண்டர், கைக்குழந்தை அளவு.
மடியில் வைத்தாற்போல் வெளியே கொண்டுபோனான்.
யாரும் பேசவில்லை. ஆல்டோனா மட்டும்
என் விரலை இன்னும் விடாமல் சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன் என் முன்னால் கிடந்ததை:
பால் பாட்டில். கழுத்தில் மார்க்கர் எழுத்து,
கோபமாக, அடிக்கோடிட்டு:
"யோகூபாஸுடையது. தொடாதே."

தொடவில்லை.
எந்த வீடு, எத்தனை பேர், ஒரே குளிர்பெட்டியா,
யார் திருடிக் குடித்தார்கள்,
'தொடாதே'யில் மை பரவியிருந்தது,
மூடியைக் காணோம்

மணி அடித்தது.
பெல்ட் குலுங்கி நகர்ந்தது.
யோகூபாஸ் அரைச் சாண் போவதற்குள்
கை போய்க் காத்திருந்தது.
அது வந்ததா என்று எனக்குத் தெரியாது.
கண் அதற்குள்
ஓர் எண்ணெய் பாட்டிலில் இருந்தது.