இருபது மில்லிவிநாடி

டிசம்பர். ஔலுவில் இரண்டு மணிக்கே
சூரியன் கடையைச் சாத்திவிட்டது.
காகித ஆலையில் இரவுப்பணி முடித்த யல்மாரி
உள்ளறையில் தூங்குகிறான்.
சமையலறை மேசையில் நான், ஆறிப்போன காபி,
இருபது வயதான ஒரு டிரைவர்.

வண்டி ஓட்டுகிறவர் இல்லை.
ஒரு கார்டுக்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று
இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துவைக்கும்
முந்நூறு வரி நிரல்.

இது தூங்கப்போகும் அழகைப் பாருங்கள்:
தன் நிலையைத் தானே எழுதிவைக்கும்,
தன் கதவைத் தானே தாழிடும்,
படுத்தபின் நினைவு வந்தவர்போல் எழுந்துபோய்த்
தெருவிளக்கையும் அணைத்துவிட்டு வரும்.
அந்தக் காலத்தில் அதற்கென்று வேறு ஆள் கிடையாது.
இப்போது உண்டு. பெயர் பஸ்.
மறுபடியும், வண்டி இல்லை.

தெருவிளக்கு இப்போது பஸ்ஸின் பொறுப்பு.
ஒரே சுவிட்சில் இரண்டு பேர் கைவைத்தால்
என்ன ஆகுமோ அதுதான் ஆகிக்கொண்டிருந்தது:
தூங்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு
விடியவிடிய இரண்டு வாட் குடித்தது கார்டு.
தூங்குகிறவரை எழுப்பிவிடலாம்.
நடிக்கிறவரைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

அழித்தேன்.
மின்மேலாண்மை இருந்தால் படி, இல்லையென்றால்
கண்ணை மூடிக்கொள் என்று
முன்னும் பின்னும் கட்டியிருந்த வேலியையும் பிடுங்கினேன்.
வேண்டாததைக் கம்பைலரே கழித்துக்கொள்ளும்.
நாற்பத்தொரு வரி போயிற்று, ஒன்பது வந்தது.
மனசு லேசாக இருந்தது;
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

என்னிடம் அந்தக் கார்டு இல்லை.
எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று,
ஐஸ்லாந்தில், ஹூசாவீக் துறைமுகத்துக்கு மேலே
தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய பெட்டியில்.
பேட்டரி மிச்சத்துக்காகத் தூங்கிக்கிடந்து
நிலம் அசைந்தால் எழுந்து குறித்துக்கொள்ளும் பெட்டி.
பார்த்துக்கொள்பவர் தோர்கெர்துர்.
மூன்றாம் நாள் நான்கு சொல் எழுதினார்:
தூங்கியது. எழவில்லை. காற்று பலம்.

அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன்.
எழுப்பும் பகுதியில்,
பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்ட வேலைகளோடு வேலையாக
ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வரி:
இருபது மில்லிவிநாடி காத்திரு.
ஏன் என்று இல்லை.
வரலாற்றைத் தோண்டினால் முதல் நாளிலேயே இருக்கிறது.
எழுதியவர் யாரோ ஸ்ட்ராண்ட்வால்;
அவர் முகவரிக்குப் போட்ட கடிதம்
போன வேகத்தில் திரும்பிவந்தது.

ஏதோ ஓர் இரவு, அலைக்காட்டி முன்னால்,
பத்து போதாமல், பதினைந்து போதாமல்,
இருபதில் இது கண்திறந்ததை
அவர் பார்த்திருக்கிறார்.
பிறகு காரணத்தை எழுதாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.
அவரை ஸ்வீடிஷிலேயே திட்டினேன்,
புரியட்டும் என்று.

வரியைத் திரும்ப வைத்தேன்.
மேலே குறிப்பு எழுதினேன், சற்று நீளமாகவே:
மின்சாரம் வந்ததும் இதனிடம் பேசாதீர்கள்.
கடிகாரம் நிலைப்பட நேரம் வேண்டும்.
இந்த வரிக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை.
அழிக்குமுன் ஹூசாவீக்கில் கேளுங்கள்.

உள்ளே அலாரம் அடித்து நின்றது.
கன்னத்தில் தலையணை மடிப்போடு
யல்மாரி வந்து கதவில் சாய்ந்தான்.
கால்கள் வந்துவிட்டன, கண்கள் இன்னும் வரவில்லை.
மின்கட்டணம் பற்றிக் கேட்கத்தான் இருந்தேன்.
கேட்கவில்லை.
காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் தோர்கெர்துரிடமிருந்து ஒரே சொல்:
எழுந்தது.
அதன்கீழே ஒரு கோட்டுப்படம்,
அதிகாலை நாலேகாலுக்கு
ஊரில் யாரையும் எழுப்பாத
ஒரு சின்ன நடுக்கம்.